கழற்றச் சொன்ன சங்கிலி

1986 ஏப்ரல் 12, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வெளியே பனியும் மழையும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. வானொலி இரண்டு பாகை என்றது. கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரின் அடுக்குமாடி வீட்டு வாசலில் பதினொரு சோடி சப்பாத்து ஈரம் சொட்டக் கிடந்தது. நிர்வாகக் குழு ஏழு பேர். மிச்ச நாலு சோடியும் மனைவிமாருடையவை. என் மனைவியும் வந்திருந்தாள். ஊரிலிருந்து வந்த வீடியோ கசற்றைப் பார்க்கக் கூடியிருந்தோம். அங்கத்தைக் கசற் இங்கத்தை டெக்கில் ஓடாது. எந்த நாட்டுக் கசற்றையும் ஓட்டக்கூடிய டெக் தலைவரிடம் மட்டும்தான் இருந்தது.

நான் சங்கத்தின் செயலாளர். அப்போது வயது ஐம்பத்தெட்டு. ஊரில் இருபத்தேழு வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு வந்து, இங்கே ஓர் ஆணிக் கிடங்கில் பெட்டிகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணும் குணம் தொழிலால் வந்ததா, பிறப்பிலேயே வந்ததா தெரியாது. படியேறினால் படியை எண்ணுவேன். பஸ்ஸில் இருந்தால் ஆட்களை எண்ணுவேன். இப்போது எண்பது கடந்தும் அது போகவில்லை. அன்று அந்த அறையிலும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் பிழையாய்ப் போனது.

விடயம் இதுதான். எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரில் கணவனை இழந்து நின்ற பன்னிரண்டு பெண்களுக்கு எங்கள் சங்கம் ஆளுக்கொரு தையல் மெசின் வாங்கிக் கொடுத்தது. அறுபத்து மூன்று குடும்பங்கள் காசு தந்தன. ஒன்றரை வருடம் போனதும் கேள்விகள் தொடங்கின. கோயிலில் கேட்டார்கள், பஸ் தரிப்பிடத்தில் கேட்டார்கள், உடுப்புத் தோய்க்கும் இடத்திலும் கேட்டார்கள். "மெசின் போய்ச் சேந்ததோ அண்ணை? சனம் தைக்குதோ, இல்லாட்டி வித்துப்போட்டுதோ?" படம் எடுத்துக் காட்டுவோம் என்று தீர்மானித்தோம். தொழில் தெரிந்தவரைக் கொண்டு ஒழுங்காக எடுப்பிக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். இங்கே ஒரு படப்பிடிப்பாளரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன தொகைக்கு இன்னும் எட்டு மெசின் வாங்கலாம். ஆகவே எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பட்டினத்தில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரை அமர்த்தினோம். கெட்டிக்காரர் என்று பெயர். கடிதம் எழுதி, முற்பணம் அனுப்பி, அவரோடு பேசி முடித்தது எல்லாம் நான்தான்.

கசற் ஓடத் தொடங்கியதும் தலைவரின் மனைவி சிரித்துவிட்டார். கலியாணம் எடுத்துப் பழகிய கை. வேறு என்ன செய்யும்? முதலில் குத்துவிளக்கு. பிறகு நாதஸ்வரம். தாமரைப் பூ ஒன்று விரிய, அதன் நடுவில் ஒரு தையல் மெசின் தோன்றியது. மணப்பெண்ணைக் காட்டுவதுபோலக் கமரா மெசினின் காலிலிருந்து மெல்ல மேலேறி, சக்கரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு ஊசிக்கு வந்தது.

"மாப்பிளை எங்க?" என்றார் பொருளாளர்.

"பொறுங்கோ, நூல் கோக்கேக்க வருவார்," என்றார் தலைவர்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் பெண்கள் வரத் தொடங்கியபோது சிரிப்பு அடங்கியது. ஒருவர்கூடப் பழைய சேலையில் இல்லை. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் பட்டு. வெளிர் நிறம்தான், ஆனாலும் பட்டு. நான் கொப்பியில் குறித்தேன்: பட்டுச்சேலை 9, கைக்கடிகாரம் 1, சங்கிலி 4. அந்த நான்கில் மூன்று மெல்லிய நூல் சங்கிலி. நாலாவது தடித்தது. அது ஆறாவதாக வந்த தாயின் மகள் கழுத்தில் கிடந்தது. பத்தொன்பது, இருபது வயதிருக்கும். தாய்க்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, சங்கிலியை இரண்டு விரலால் ஒருமுறை நேராக்கிவிட்டுக் கமராவைப் பார்த்தாள்.

"உதென்ன உது?" என்றார் பொருளாளர். "என்ர மனுசிக்கு இன்னும் ஒரு சங்கிலி வாங்கிக் குடுக்கேலாமல் இரண்டு வேலை செய்யிறன். உவைக்கு நான் மெசின் வாங்கிக் குடுத்தனானோ?"

"உதைச் சபையில போட்டா அடுத்தமுறை ஒரு சதம் வராது," என்றார் தலைவர்.

அப்போது நான் பேசினேன். "அது இரவல்," என்றேன். எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் படம் பிடிக்க நிற்கிறவர் இரவல் வாங்கிப் போடுவது வழமை. என் கடவுச்சீட்டுப் படத்தில் நான் போட்டிருப்பது மைத்துனரின் கோட்டு. எங்கள் கலியாணப் படத்தில் என் மனைவியின் கையிலுள்ள எட்டுக் காப்பில் ஐந்து பக்கத்து வீட்டுக்காரியுடையவை. "வீடியோ எண்டதும் அயலட்டையில வாங்கிப் போட்டிருக்குதுகள். திருப்பி எடுக்கச் சொல்லி எழுதுறன். உள்ளபடி நிக்கட்டும்."

என் மனைவி குசினி வாசலில் நின்று, "எல்லாம் இரவல் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

"நாலு சங்கிலி ஒரே நேரத்தில எங்கயிருந்து வரும்?" என்றேன். அவள் குசினிக்குள் திரும்பிப் போனாள்.

அன்று வீடு திரும்பி வீடியோக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கச்சேரிப் பழக்கத்தில் இலக்கமிட்டு எழுதினேன். பதினொரு குறிப்புகள். அதன் பிரதி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. முதல் ஆறும் நாதஸ்வரம், தாமரை போன்றவை பற்றியவை. ஏழாவது: நகை வேண்டாம். எட்டாவது: வீட்டில் உடுக்கும் சேலை போதும். ஒன்பதாவது: பிள்ளைகள், விசேடமாகக் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள், தாயின் பக்கத்தில் நிற்கவேண்டும். பத்தாவது: சங்கம் உதவியிராவிட்டால் தங்கள் நிலை என்னவாகியிருக்கும் என்று ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்லவேண்டும்; அதற்கான வசனங்களையும் எழுதி இணைத்தேன். மற்றவை குழுவின் எண்ணம் என்று சமாதானம் சொல்லலாம். ஒன்பதாவது என் சொந்த யோசனை. குமர்ப்பிள்ளையைக் கண்டால் எங்கள் சனம் இரங்கும் என்று எனக்குத் தெரியும்.

பதினொராவது, கசற் பற்றியது. புதுக் கசற்றுக்கு அவர் காசு கேட்டிருந்தார். ஒன்பது டொலர் வரும். முதல் கசற்றையே ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பி, 'இதன் மேலேயே எடுக்கவும்' என்று எழுதினேன். வீண் செலவு எனக்குப் பிடிக்காது.

ஓகஸ்ட்டில் கசற் திரும்பி வந்தது. கூடவே அவருடைய கடிதம். 'அண்ணை, நீங்கள் எழுதிய பதினொன்றும் செய்துவிட்டேன். ஆறாவது வீட்டில் மாத்திரம் பெண்பிள்ளை சங்கிலியைக் கழற்ற மறுத்துவிட்டாள். தாய்தான், மெசின் தந்த ஆட்கள் கேட்கிறார்கள், கழற்று பிள்ளை என்று பேசிக் கழற்றுவித்தார். அரை மணித்தியாலம் சுணங்கிவிட்டது.' இதை வாசித்தேன். கொப்பியில் ஏழாவது குறிப்புக்கு எதிரே சரி அடையாளம் போட்டேன். இரவல் நகையைக் கழற்ற ஒரு பிள்ளை ஏன் அரை மணித்தியாலம் அடம்பிடிக்கவேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை.

ஒக்ரோபர் 18ஆம் திகதி, ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். கசற்றை இங்கத்தை டெக்குக்கு மாற்றுவித்து, நாற்பது பிரதி எடுத்து, ஒன்று பதினைந்து டொலருக்கு விற்க வாசலில் அடுக்கி வைத்திருந்தோம். சனம் இருநூற்றுப் பன்னிரண்டு, மடியிலிருந்த குழந்தைகள் நீங்கலாக.

இந்தமுறை தாமரை இல்லை. நிறம் மங்கிய சேலைகளில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆறாவது தாய், "சங்கம் பாக்காட்டில் நானும் பிள்ளையும் ரோட்டில நிண்டிருப்பம்," என்றார். அந்த வசனத்தை எழுதிக் கொடுத்தவன் நான். மகள் பக்கத்தில் வெறுங்கழுத்தோடு நின்றாள். ஏழு வினாடி கமரா அவள் முகத்தில் நின்றது. அவள் கண் இமைக்கவில்லை. முதல் கசற்றில் சங்கிலியை நேராக்கிய அந்த இரண்டு விரலும் கழுத்தடிக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், சட்டைக் கரையைப் பிடித்துக்கொண்டன.

மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் ஓரத்தில் நின்று அழுகிறவர்களை எண்ணினேன். கண் துடைத்தவர்கள் முப்பத்தொரு பேர். எனக்கு அன்று பெரிய சந்தோசம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நாற்பது பிரதியும் விற்று முடிந்தன. வாங்கினவர்களின் பெயரும் முகவரியும் இலக்கவாரியாக என் கொப்பியில் ஏறின.

1987 ஜனவரி கடைசியில் அந்தத் தாயிடமிருந்து எனக்கு ஒரு வான்கடிதம் வந்தது. கோடு விலகாத, சின்ன எழுத்து.

'ஐயா, தாங்கள் தந்த மெசினுக்கு நன்றி. மகளுக்குக் கனடாவில் இருக்கும் ஒரு பெடியனைப் பேசி முற்றாக்கியிருந்தோம். அவரின் தாயாரும் அங்கேதான் இருக்கிறார். அவர்கள் உங்கள் மண்டபத்தில் படத்தைப் பார்த்தார்களாம். சபையில் கையேந்தி நின்ற வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மகள் போட்டிருந்த சங்கிலி இரவல் அல்ல. பதினாறு மாதம் தைத்த காசில் நாங்கள் வாங்கியது. இரண்டரைப் பவுண். மெசின் தந்தவர்கள் பார்க்கட்டும் என்றுதான் முதல்நாள் அதைப் போட்டு நின்றாள். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. மகளுக்கு இனியும் இடம் பார்க்கவேண்டும். அந்தப் படத்தை இனி ஒருவருக்கும் காட்டாமல் இருந்தால் பெரிய உதவி.'

நான் இரண்டு முறை வாசித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தாள்.

"மெசின் என்ன செய்தது எண்டு காட்டத்தானே படம் எடுத்தனீங்கள்?" என்றாள்.

"ஓம்."

"அப்ப அந்தச் சங்கிலியை எல்லே காட்டியிருக்கவேணும்."



அடுத்த சனிக்கிழமை பெடியனின் தாயைப் பார்க்கப் போனேன். மோர்னிங்சைட் பக்கத்தில் ஒன்பதாம் மாடி. வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பிஸ்கற் ரின் வாங்கிக்கொண்டு போனேன். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். மரியாதையாக இருத்தித் தேத்தண்ணி தந்தார். நான் விடயத்தைச் சொன்னேன். அது ஏழை வீடு இல்லை, அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டரைப் பவுணில் சங்கிலி இருக்கிறது, தாய் உழைத்து வாங்கியது.

"அப்ப ஏன் தம்பி அதைக் கழட்டி ஒளிச்சுப்போட்டு ரோட்டில நிண்டிருப்பம் எண்டு சொன்னவ?" என்று கேட்டார். "இல்லாத சனம் எண்டா இரங்கலாம். வைச்சுக்கொண்டு இல்லையெண்டு சொல்லுற வீட்டில எப்பிடிச் சம்பந்தம் வைக்கிறது? நீங்களே சொல்லுங்கோ."

கழற்றச் சொன்னவன் நான் என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. "சங்கம் அப்பிடிக் கேட்டது," என்றேன்.

"சங்கம் எண்டா ஆர்?"

"நிர்வாகக் குழு," என்றேன்.

அவர் பிஸ்கற் ரின்னைத் திறந்து என் பக்கம் நீட்டினார். ஒன்று எடுத்தேன். இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றபோதும் அது கையிலேயே இருந்தது.

திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல எனக்கு முப்பத்தாறு நாள் பிடித்தது. வேலை, தடிமன் காய்ச்சல், பனி என்று ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். முப்பத்தாறாம் நாள் போய், உட்காராமல், நின்றபடியே சொன்னேன். "அம்மா, கழட்டச் சொல்லி எழுதினது நான். சொல்லவேண்டிய வசனத்தை எழுதிக் குடுத்ததும் நான். அவையில ஒரு பிழையும் இல்லை."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "போன கிழமைதான் வேற இடத்தில முற்றாக்கினம்." பிறகு உள்ளே போய் அவர்கள் வாங்கிய கசற்றைக் கொண்டுவந்து தந்தார். என் கொப்பியில் அது பதினேழாம் இலக்கம். காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை.

மற்ற முப்பத்தொன்பதையும் திருப்பி எடுப்பதென்று அந்த லிஃப்டில்தான் முடிவு செய்தேன். பிள்ளைக்கு அடுத்த சம்பந்தம் பேசும்போது அந்தப் படம் ஒரு வீட்டிலும் இருக்கக்கூடாது.

குழுவில் சொன்னபோது தலைவர் சம்மதிக்கவில்லை. "அண்ணை, வித்த சாமானைத் திருப்பி வாங்கிற சங்கம் உலகத்தில எங்கயும் இருக்கே? மற்றப் பதினொரு பேரும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"அவையள் எழுதேல்லை. நானும் கேக்கேல்லை," என்றேன்.

"செய்யிறதெண்டா உங்கட காசில செய்யுங்கோ. மண்டபத்தில போட்ட கசற்றை நான் பெட்டியில வைச்சுப் பூட்டிவிடுறன். அதுக்கு மேல என்னட்டைக் கேக்காதேங்கோ." அவர் சொன்னபடி செய்தார். மூன்று வருடம் கழித்து வீடு மாறும்போது அந்தக் கசற்றை என்னிடமே கொண்டுவந்து தந்தார்.

மார்ச் தொடக்கம் ஓகஸ்ட் வரை சனிக்கிழமைகளில் பஸ்ஸில் அலைந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. ஒவ்வொரு வீட்டிலும் ஏன், எதற்கு என்ற விசாரணை. பெண்ணின் கதையைச் சொன்னால் அதுவே பரவும். ஆகவே "கசற்றில பிழை இருக்கு, சங்கம் திருப்பி எடுக்குது," என்று சொன்னேன். மறுபடியும் சங்கம்தான். பெரும்பாலானவர்கள் பதினைந்து டொலரை வாங்கிக்கொண்டு தந்துவிட்டார்கள். ஐந்து பேர் இருபது கேட்டார்கள். அதிலொருவர், "அங்கிள், நீங்கள் தேடி வாறதைப் பாத்தா இது பெறுமதியான சாமான் போல," என்று சிரித்தார்.

அஜக்ஸில் புதிதாக வீடு வாங்கிப் போயிருந்த ஒரு குடும்பம், அதன் மேல் மகளின் பிறந்தநாளை எடுத்துவிட்டோம், இனி அதில் ஒன்றும் இல்லை என்றது. நான் நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னேன். பலூன், கேக், பாட்டு, ஒரு மாமா கையை ஆட்டுகிறார். பத்தொன்பது நிமிடம் கழித்து, கேக்கை வெட்டி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே படம் குலுங்கி, அந்தப் பிள்ளை வெறுங்கழுத்தோடு வந்து நின்றாள்.

"அட, உது மிஞ்சிப்போய்க் கிடந்திருக்கு," என்றார் வீட்டுக்காரர். "பிள்ளையள் பிறந்தநாளைப் போட்டுப் பாக்கேக்க கடைசியில உவ வருவா. 'அழுற அக்கா' எண்டு சொல்லுதுகள்."

"அவ அழேல்லை," என்றேன்.

"என்ன அண்ணை?"

"அந்தப் பிள்ளை அழேல்லை. வடிவாப் பாருங்கோ." நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும். வீட்டுக்காரரின் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு நான் கடைக்குப் போய் ஒரு வெறும் கசற் வாங்கி வந்து, பிறந்தநாளை அதற்கு மாற்றும்வரை காத்திருந்து, பழையதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நாற்பதில் முப்பத்தெட்டு சேர்ந்தது. ஒரு குடும்பம் மொன்றியலுக்குப் போய்விட்டது. நாலு பேரிடம் கேட்டு நம்பர் எடுத்து, ஆறு முறை தொலைபேசியில் பேசினேன். பெட்டிகளுக்குள் எங்கோ கிடக்கிறது என்றார்கள், அனுப்பவேயில்லை. மற்றையது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய் மறைந்துவிட்டது. இன்றைக்கும் யார் வீட்டிலாவது பழைய கசற்றுகள் அடுக்கியிருந்தால் நான் முதுகுப்பக்க எழுத்தை வாசிப்பேன். இரண்டு இன்னும் வெளியே நிற்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் இருந்து முப்பத்தெட்டையும் திறந்து நாடாவை உருவி எடுத்தேன். கறுத்த நாடா முழங்கால்வரை வந்தது. மனைவி படியில் நின்று பார்த்தாள். "முதல் எடுத்த படம் எங்க?" என்று கேட்டாள். "சங்கிலியோட நிண்ட படம். அதை அந்தத் தாய்க்கு அனுப்பியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டச் சொல்லியிருக்கலாம்."

ஒன்றுதான் இருந்தது. அதன் மேலேயே எடுக்கச் சொன்ன கதையை அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். அவள் ஒரு குப்பைப் பையை விரித்துப் பிடித்தாள்.

தாய்க்கு மூன்று கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், முப்பத்தெட்டை அழித்துவிட்டேன், இரண்டு அகப்படவில்லை என்று கணக்கும் எழுதினேன். அந்த வருடம் ஊரில் சண்டை, தபால் ஒழுங்காகப் போகவில்லை. கிடைத்ததோ தெரியாது. பதில் இல்லை.

1988 கடைசியில் வீடியோக்காரர் வேறு அலுவலாக எனக்கு எழுதியபோது கீழே இரண்டு வரி சேர்த்திருந்தார். 'ஆறாவது வீட்டுப் பெண்ணுக்குச் சென்ற மாதம் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். நான் போய்க் குறைந்த விலைக்கு எடுத்துத் தருகிறேன் என்று கேட்டேன். வீடியோவும் வேண்டாம், ஒரு ஃபோட்டோகூட வேண்டாம் என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது.'

சங்கிலி போட்டிருந்தாளா என்று கேட்டு எழுத நினைத்தேன். எனக்கு அதைக் கேட்க உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

இனிக் கணக்கு. பதினைந்து டொலர்ப்படி வாங்கிய கசற் இருபத்தொன்பது, 435. இருபதுப்படி ஐந்து, 100. சும்மா தந்தவை மூன்று. அஜக்ஸ் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்த வெறும் கசற் 9. பஸ், ரயில் 61.20. மொன்றியல் தொலைபேசி 24.65. தபால் 3.40. வெறுங்கையோடு போகாமல் வாங்கிய பிஸ்கற் ரின்கள் 58.10. எல்லாமாக 691 டொலர் 35 சதம். இதில் பதினொராம் குறிப்பால் மிச்சம்பிடித்த ஒரு கசற்றின் விலை, ஒன்பது டொலரைக் கழிக்கவேண்டும். மிகுதி 682 டொலர் 35 சதம்.